மாட்டன் என்று சொன்ன மேசை

போன கிழமை தச்சர் வந்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் மேற்பரப்பை நீளவாக்கில் பார்த்தார். பிறகு இழைப்புளியைக் கையில் எடுத்தார். "சேர், கையைக் கொஞ்சம் எடுங்கோ. ரெண்டு இழுவை இழுத்தனெண்டால் உந்தக் கீறல் இருந்த இடமே தெரியாது" என்றார். என் இடது கை அந்தக் கீறலின் மேல் இருந்தது. நான் எடுக்கவில்லை. கிழவனுக்குக் காது கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார்.

முதிரை மரத்தில் செய்த மேசை அது. மேலே பொலிஷ் இல்லை. ஒரு காலத்தில் நானே தேய்த்து எடுத்துவிட்டேன். என் அக்கா வழக்கமாக உட்கார்ந்த பக்கத்தில் தொடங்கி வலது புறமாக ஒரு முழத்துக்குமேல் ஓடுகிறது அந்தக் கீறல். பாதியில் ஓரிடத்தில் நடுங்கி வளைந்து, பிறகு நேராகிப் போய் முடிகிறது. வீட்டை வாங்க ஆட்கள் வரப்போகிறார்கள், அதற்குமுன் தளபாடங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று தச்சரை அனுப்பியவன் என் மருமகன், அக்காவின் ஒரே மகன். அவன் கனடாவில் இருக்கிறான். இதை எழுதினால் கோபிப்பான். கோபிக்கட்டும். அவனைப் பற்றிச் சொல்வதைவிட என்னைப் பற்றிச் சொல்லத்தான் இதில் மோசமானவை அதிகம் இருக்கின்றன.

அக்கா குடும்பநல மாதுவாக வேலை செய்தவர். இணுவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் "மிஸி". சைக்கிளில் போய், பிறகு ஸ்கூட்டரில் போய், வீட்டுக்கு வீடு பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்தவர். அவருடைய கிளினிக்கில் ஒரு சட்டம் இருந்தது. பரிசோதிக்கும்போது புருசனும் மாமியாரும் வெளியே போய்விட வேண்டும். மாமியார் வாசலில் நின்று மருமகளுக்காகப் பதில் சொன்னால், அக்கா பேனையை மேசையில் வைத்துவிடுவார். "வாயைத் திறந்து நீ சொல்லு பிள்ளை. வயிறு உன்ரை. கதையும் உன்ரைதான்" என்பார். அந்தப் பெண் சொல்லும்வரை பேனையைத் திரும்ப எடுக்கமாட்டார். வெளியே வாங்குப் பலகையில் இருந்த மாமியார்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அக்கா அதையெல்லாம் வீட்டுக்கு வந்து, அவரவர் குரலிலேயே நடித்துக் காட்டிச் சிரிப்பார்.

அத்தகையவருடைய வாய்தான் ஒரு காலை நின்றுபோயிற்று. பாரிசவாதம். வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று. "ஆ" என்ற ஒரே ஒலி மிஞ்சியது. எழுதவும் முடியவில்லை. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால், எழுத்துகளை முன்பின் பார்த்திராதவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் தலை ஒரே விதமாகத்தான் ஆடியது. சில வேளை நேர்மாறாக ஆடியது. ஆனால் பிறர் சொல்வது அவருக்கு விளங்குகிறது, அறிவு அப்படியே இருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் அப்போது மனைவியை இழந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் பௌதிகவியல் விரிவுரையாளர் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றிருந்தேன். அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவரைத் தூக்கி இருத்தவும் குளிப்பாட்டவும் குருநகரிலிருந்து ஒரு பெண்மணி வந்து நின்றார். கடல் காற்றில் வளர்ந்த உரத்த குரல் அவருக்கு; செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டே வேலை செய்வார். எனக்கோ வேறு வேலை தெரியாது. எனவே தெரிந்ததைச் செய்தேன். மூடப்பட்ட ஒரு ரியூசன் நிலையத்திலிருந்து பழைய புரொஜெக்டர் ஒன்றை வாங்கினேன். கணினியில் பொருத்தும் சிறிய கமரா ஒன்று என்னிடம் இருந்தது. வெளிச்சம் ஒரு படத்தை ஏதாவதொரு பரப்பில் விழுத்தும். அதே பரப்பைக் கமரா பார்த்துக்கொண்டிருக்கும். எந்தப் படத்தைக் கை மறைக்கிறதோ அந்தப் படத்துக்குரிய சொல்லைக் கணினி ஒலிக்கும். இவ்வளவுதான் யோசனை. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, பொறுமைதான் தேவை.

முதலில் சுவரில் போட்டேன். அக்காவால் கையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. பிறகு கட்டில் விரிப்பில் போட்டேன். அவர் காலை அசைத்தால் தண்ணீர்க் குவளைப் படம் மடிந்து கிணறு மாதிரி ஆயிற்று. அதற்குமேல் படுத்திருப்பவரின் வயிற்றில் படம் விழுவதை அவர் விரும்பவில்லை, விரிப்பை இழுத்து நிலத்தில் எறிந்தார். கடைசியில்தான் சாப்பாட்டு மேசை. முகட்டு வளையில் புரொஜெக்டரைக் கவிழ்த்துக் கட்டினேன். முதிரையின் மஞ்சள் நிறத்தில் படங்கள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் பொலிஷின் பளபளப்பு விளக்கு வெளிச்சத்தை அப்படியே கமராவுக்குத் திருப்பி அடித்தது; மேசை நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு, அந்த இடத்தில் கமராவுக்குக் கண் தெரியவில்லை. ஆகவே பொலிஷைத் தேய்த்து மங்க வைத்தேன். அது அக்காவுக்குச் சீதனமாக வந்த மேசை. தேய்த்துக்கொண்டிருந்த என் கையில் அவர் இடது கையால் ஓங்கி அடித்தார்.

மேசையில் நான் போட்ட படங்கள்: தண்ணீர், தேத்தண்ணி, சோறு, கக்கூஸ், மின்விசிறி, உடம்பு நோவு, படுக்கை, சாமி. எல்லாவற்றுக்கும் என் குரலையே பதிவு செய்தேன். வகுப்பில் பேசிப் பழகிய குரல். ஒவ்வொரு சொல்லும் கரும்பலகையில் எழுதியதுபோல் கேட்டது. முதல் நாள், மேசை "தண்ணி வேணும்" என்று என் குரலில் சொன்னபோது, அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். சிறுவயதில் நான் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தபோது பார்த்த அதே பார்வை.

மேசைக்குக் கைக்கும் வேறு பொருளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் குருநகர்ப் பெண்மணி தேத்தண்ணிக் குவளையைச் சாமி படத்தின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். "சாமி கும்பிட வேணும், சாமி கும்பிட வேணும்" என்று மேசை ஓயாமல் சொல்லத் தொடங்கிற்று. அவர் குசினியிலிருந்து ஓடிவந்து, "சேர், உங்கடை மேசைக்கு என்னைவிடப் பக்தி கூடிப்போச்சு" என்றார். அக்கா சிரித்தார். நோய் வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்து முடித்துக் குவளையையே யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

இரண்டொரு கிழமைக்குள் அக்கா மேசையைக் குத்தத் தொடங்கினார். படம் எதிலும் கை வைக்காமல், வெறும் மரத்தில் முட்டியால் இடிப்பார். கருவியில் ஏதோ பிழை என்று நான் கமராவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். குருநகர்ப் பெண்மணிதான் கேட்டார்: "சேர், உதிலை 'மாட்டன்' எண்டு ஒண்டும் இல்லையே. மிஸி உதைத்தானே தேடுறா." உண்மைதான். நான் போட்ட எல்லாமே கேட்டுப் பெறுகிற சொற்கள். மறுக்க விரும்புகிறவர் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மின்விசிறிக்கு நிறுத்த ஒரு சுவிச் வேண்டும் என்பது தெரிந்த எனக்கு, அக்காவுக்கு அது வேண்டும் என்று தோன்றவில்லை.

சம்மதத்துக்கு ஒரு பச்சை வட்டத்தில் "ஓம்" என்றும், ஒரு சிவப்பு வட்டத்தில் "மாட்டன்" என்றும் சேர்த்தேன். சிவப்பை அவர் இடது கைக்கு நேரே வைத்தேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது. கூழான சோற்றுக்கு மாட்டன். மாலையில் படுக்க மாட்டன். நான் தேர்ந்தெடுத்த சேலைக்கு மாட்டன். தூரத்து உறவுக்காரி ஒருத்தி வந்து, "கடவுள் சோதிக்கிறார் அக்கா, பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று தொடங்கியபோது, அக்கா தன் எனாமல் கோப்பையை மெல்லச் சிவப்பின்மேல் நகர்த்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவள் பேசிய நேரம் முழுக்க மேசை என் குரலில் "மாட்டன்... மாட்டன்..." என்று சொல்லிக்கொண்டேயிருந்தது. அவள் போகும்போது என்னிடம், "படிச்ச மனிசன், வருத்தக்காரிக்கு உப்பிடியே பழக்கிறது?" என்றாள். இன்றைக்கும் ஊரில் அதைச் சொல்கிறார்கள். நான் பழக்கியதில் நல்லது என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.

இனி என் பங்கு. மெல்பேணில் இருக்கும் மகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. விசாவும் வந்துவிட்டது. அக்காவை விட்டுப் போக முடியாது; அக்காவோடு இருக்கவும் எனக்குக் களைத்துவிட்டது. அக்காவைக் கொழும்பில் வசதியான முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ப்பது, வீட்டையும் வளவையும் விற்பது என்று மருமகன் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அதை மறைத்து, "அக்காவிட்டையும் கேக்கவேணும்" என்றேன். நியாயமாகப் பேசியதாக நினைத்துக்கொண்டேன்.

விற்கும் அதிகாரத்தை மகனுக்குக் கொடுப்பதாக அக்கா சம்மதிக்க வேண்டும். நொத்தாரிசு நேரில் வந்து அவர் சம்மதத்தைக் கேட்டு, கைநாட்டு வாங்கி உறுதிப் பத்திரம் எழுதுவார். மருமகன் கனடாவிலிருந்து வந்தான். நான் நொத்தாரிசின் வீட்டுக்குப் போய் மேசையைப் பற்றி விளக்கினேன். "மேசை பொய் சொல்லாது. அக்கா எதிலை கை வைக்கிறாவோ அது அவவின்ரை சொல்லு" என்றேன். நொத்தாரிசின் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்ததும் அக்காதான். மதிப்போடு வருவதாகச் சொன்னார்.

நொத்தாரிசு வரவிருந்த அன்று காலை மருமகன் என் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, அம்மா எது கேட்டாலும் மாட்டன் எண்டுதான் கை வைப்பா. யோசிச்சு வைக்கிறேல்லை, பழக்கதோசம். உந்தச் சிவப்பை ஒருக்கா அங்காலை தள்ளிவிடுங்கோ."

நான் தள்ளினேன். கணினியில் வட்டத்தைப் பிடித்து இழுத்து, அக்காவின் இடது கை எட்டாத தொலைவில், மேசையின் வலது புறத்தில் விட்டேன். நொத்தாரிசுக்குக் குழப்பமில்லாமல் மற்றப் படங்களை எடுத்துவிட்டிருந்தேன்; சிவப்பை அழித்துவிடவில்லை. இரண்டு வட்டமும் மேசையில் இருக்கின்றன என்று யாருக்கும் சொல்லலாம் அல்லவா. அந்த அளவுக்கு நான் யோசித்தேன் என்பதைத்தான் மறைக்காமல் எழுத வேண்டும். கோபத்தில் செய்யவில்லை, தெரியாமல் செய்யவில்லை. தூரத்தை அளந்து செய்தேன்.

நொத்தாரிசு வந்தார். படம் தெரிவதற்காக யன்னல்களைச் சாத்தி, கதவுக்குத் திரை போட்டிருந்தோம். "பட்டப்பகலிலை வீட்டைப் பூட்டிப்போட்டு உறுதி எழுதிறது என்ரை சீவியத்திலை இதுதான் முதல்தரம்" என்று சொல்லிக்கொண்டே அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். நல்ல காரியத்துக்கு வந்தவருக்கு வெற்றிலை வைக்க வேண்டும். மருமகன் காலுள்ள பெரிய பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். பச்சை வட்டத்தின் நேர் மேலே வைத்துவிட்டான்.

"ஓம்" என்றது மேசை. "ஓம். ஓம்."

"நான் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே" என்றார் நொத்தாரிசு.

மருமகன் சிரித்துச் சமாளித்தான். "அது தட்டத்தைக் கை எண்டு நினைக்குது, ஐயா."

நொத்தாரிசு தட்டத்தை அக்காவின் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். மேசை அடங்கிற்று. அவர் என்னைப் பார்த்து, "அப்ப உது ஆர் சொன்ன ஓம், மாஸ்டர்?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். குசினி வாசலில் நின்ற குருநகர்ப் பெண்மணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அவர் குரலை மாற்றி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "மிஸி, இந்த வீட்டையும் வளவையும் விக்கிற அதிகாரத்தை உங்கடை மகனுக்குக் குடுக்க உங்களுக்குச் சம்மதமோ?"

அக்காவின் இடது கை உடனே போயிற்று. சிவப்பு எப்போதும் இருக்கும் இடத்துக்குப் போயிற்று. அங்கே வெறும் மரம். அவர் அழுத்தினார். மேசை பேசவில்லை. கையை எடுத்து, பார்த்து, மறுபடியும் அழுத்தினார். அந்த அமைதியை நான் இன்னமும் கேட்கிறேன். மருமகன், "அம்மாவுக்கு விளங்கேல்லைப் போல. அம்மா, பச்சையிலை வையுங்கோ, பச்சையிலை" என்றான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. மேசையை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனார். தூரத்தில் சிவப்பைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார். கருவியை இயக்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் ஒருவன்தான்.

கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. உடம்பைக் கதிரையோடு பட்டியால் கட்டியிருந்தது. பிறகு அந்தக் கையைத் தட்டத்தின் விளிம்பில் வைத்து, தள்ளத் தொடங்கினார். தட்டத்தின் கால் முதிரையில் உரசி முனகிற்று. பாதி வழியில் அவருடைய கை நடுங்கியது, தட்டம் கோணிற்று, ஒரு பாக்கு உருண்டு விழுந்தது. அவர் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தள்ளினார். கை தனியே எட்டாத இடத்தை, கையின் நீளமும் தட்டத்தின் அகலமும் சேர்ந்து எட்டின. வெற்றிலையிலும் வாழைப்பழத்திலும் சிவப்பு வெளிச்சம் ஏறியது.

"மாட்டன்" என்றது மேசை. என் குரல். "மாட்டன். மாட்டன்."

மருமகன் எழுந்து தட்டத்தை எடுக்கப்போனான். நொத்தாரிசு கையை உயர்த்தித் தடுத்தார். "எடாதேங்கோ தம்பி. எனக்கு வைச்ச தட்டம். நான் இன்னும் வெத்திலை எடுக்கேல்லை." வந்தவர் வெற்றிலை எடுக்குமுன் தட்டத்தைத் திருப்பி எடுப்பது எங்கள் ஊரில் மிகப் பெரிய அவமரியாதை, கனடாவில் எத்தனை வருடம் இருந்தாலும் அது மறந்துபோகாது. மருமகன் நின்றான். நொத்தாரிசு ஆறுதலாக மேசை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அதன் பிறகுதான் எழுந்துபோய், சிவப்பு வெளிச்சத்துக்குள் கையைவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்தார். "எனக்கு விளங்கீட்டுது. மிஸி, நான் போட்டு வாறன்" என்றார்.

அவர் போனபின் மருமகன் என்னிடம், "மாமா, அவ்வளவு படிச்சும் ஒரு வட்டத்தை அழிச்சுவிட ஏலாமல் போட்டுது உங்களுக்கு" என்றான். அவன் சொன்னது சரி. அழித்திருந்தால் அன்றைக்கு எங்கள் விருப்பம் நடந்திருக்கும். தாயின்மேல் அன்பில்லாதவன் அல்ல அவன். தூரத்திலிருந்து அன்பு செலுத்துகிறவர்களுக்கு எல்லாவற்றையும் சீக்கிரம் ஒழுங்குபடுத்திவிட வேண்டும். பக்கத்திலேயே இருந்த எனக்கு அந்தச் சாட்டும் இல்லை. நான் மெல்பேணுக்குப் போகவில்லை. தியாகம் என்று யாரும் எழுத வேண்டாம். அக்காவின் அந்தப் பார்வைக்குப் பிறகு எங்கே போனாலும் அது கூட வரும் என்று தெரிந்ததால்தான் போகவில்லை.

அன்று மாலையே சிவப்பை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாரி கழிந்தது. மூன்றாவது மாரியில் ஒரு பின்னேரம் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அக்கா, நான் செய்ததை மன்னிச்சுப்போட்டியளோ?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. கையைச் சிவப்பில் வைத்தார். வைத்த கையை எடுக்கவுமில்லை. "மாட்டன், மாட்டன்" என்று என் குரலிலேயே எனக்குச் சொல்லிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். போதும் என்று தோன்றியபின் கையை எடுத்துத் தேத்தண்ணியைக் குடித்தார். குடித்த குவளையை என்னிடம் நீட்டினார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி. அந்த மாரியிலேயே, இந்த வீட்டில், தன் கட்டிலில் போனார்.

இப்போது வெளிநாடுகளிலிருந்து சில பிள்ளைகள் எனக்கு எழுதுகிறார்கள். தங்கள் தாய் தகப்பனுக்கும் இப்படி ஒரு மேசை, ஒரு சுவர் செய்துதர வழி கேட்கிறார்கள். சொல்லித் தருகிறேன். எந்தப் பரப்பும் பேசும். கட்டில் பலகையும் பேசும், அரிசி புடைக்கும் சுளகும் பேசும். ஆனால் என்ன பேசும் என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் நீங்கள். முதலில் சிவப்பைப் போடுங்கள். கை எட்டுமிடத்தில் போடுங்கள். அது உங்களுக்கு எதிராகப் பேசும் நாள் வரும். அன்றைக்கு அதை நகர்த்தாதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பவர்களுக்கு நான் சொல்வது, நகர்த்தியவனுக்குத்தான் அந்தத் தகுதி உண்டு.

வீடு இனி மருமகனுடையது. விற்கட்டும், அவன் உரிமை. புரொஜெக்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டாயிற்று. முகட்டு வளையில் கம்பி மட்டும் தொங்குகிறது. யன்னல்கள் திறந்திருந்தன, தச்சர் வந்த அன்று. அந்த வெளிச்சத்தில் கீறல் நன்றாகத் தெரிந்தது. நான் அக்காவின் கதிரையில் இருந்து, அது தொடங்கும் இடத்தில் இடது கையை வைத்திருந்தேன்.

"சேர்" என்றார் தச்சர் மூன்றாம் முறையாக. இழைப்புளி அவர் கையில் காத்திருந்தது. "கையை எடுங்கோவன்."

வாயைத் திறந்து நானே சொன்னேன்.

"மாட்டன்."

என் குரலில் அந்தச் சொல்லை என்னைவிட அக்காதான் அதிகம் சொல்லியிருக்கிறார். தச்சருக்கு அது தெரியாது. அவர் இழைப்புளியைப் பைக்குள் வைத்தார்.